‘மியூட்’, ‘டிசேபிள்’, ‘சிங்க்’: ஒலி நின்றுபோகும் மூன்று நிலைகளுக்கு மூன்று சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியின் தமிழாக்கக் கோப்பில் ‘மியூட்’ பொத்தானுக்கு ‘முடக்கு’ என்று இருப்பதை அப்படியே விட்டுவிடலாம் என்று நண்பர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். அதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அத்துடன், ஒலி வேறொரு கருவிக்குப் போய்விடுவதால் கேட்காமல் போகும், நாம் இதுவரை சொல்லே வைக்காத இன்னொரு நிலைக்கு ‘ஒலிமடை’, ‘மடைமாற்று’ என்னும் சொற்களை முன்வைக்கிறேன். ஒரு வீட்டுக் கணினியில் ஒலி நின்றுபோனதைத் தொலைபேசி வழியாகச் சரிசெய்ய முயன்று, சொற்குழப்பத்தால் இரண்டு மாலைப் பொழுதுகளை இழந்த பிறகே இது எனக்குத் தோன்றியது.

மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ஒரு லினக்ஸ் கணினியைத் தமிழ் இடைமுகத்துடன் அமைத்துக் கொடுத்திருந்தேன். பழைய திரை பழுதானதால் புதிய திரையை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்தார். மறுநாளே சத்தம் வரவில்லை என்று அழைத்தார். முதலில் ஒலிபெருக்கியைச் சோதித்தோம். அதன் விளக்கு எரிந்தது. கணினியின் பச்சைத் துளையிலிருந்து பின்னை உருவி, அதன் நுனியை விரலால் தொடச் சொன்னேன். ‘உர்ர்’ என்று இரைச்சல் கேட்டது. ஆகவே ஒலிபெருக்கியும் கம்பியும் நன்றாகவே இருந்தன. (ஒலிபெருக்கிக்குப் பச்சை, ஒலிவாங்கிக்கு இளஞ்சிவப்பு, வெளிக்கருவியிலிருந்து ஒலியை வாங்கும் துளைக்கு இளநீலம் என்று 1990களின் இறுதியில் கணினி வன்பொருளுக்கான பிசி 99 வரையறை வகுத்த நிறங்கள், தொலைபேசியில் உதவுவோருக்குப் பெரிய துணை. நிறத்துக்குக் கலைச்சொல் தேவைப்படுவதில்லை.)

அடுத்து, “முடக்கு என்று எழுதிய பொத்தான் அழுந்தியிருக்கிறதா, பாருங்கள் சித்தப்பா” என்றேன். நான் கேட்டது மியூட் பொத்தானை. ஆனால் அந்தச் செயலியில் ஒலி அட்டையின் செயற்பாட்டையே நிறுத்திவிடும் ‘டிசேபிள்’ தெரிவுக்கும் ‘முடக்கு’ என்றே தமிழாக்கம் செய்திருந்தார்கள். அவர் திறந்திருந்தது அந்தப் பக்கம். அழுந்தாமல் இருந்ததை, நான் அழுத்தச் சொல்வதாக எண்ணி அழுத்திவிட்டார். ஒலி அட்டையே பட்டியலிலிருந்து மறைந்தது. ஒரு சிக்கலைத் தீர்க்கப் போய் இரண்டாவதை உண்டாக்கினோம். அதை நான் கண்டுபிடிப்பதற்குள் அந்த மாலை முடிந்துவிட்டது.

மறுநாள் அட்டையை மீட்ட பிறகும் சத்தம் இல்லை. ஒலித்தடங்களின் அளவைக் காட்டும் ஆல்சாமிக்சர் என்னும் லினக்ஸ் செயலியைத் திறந்து, ஒவ்வொரு பட்டையின் அடியிலும் ‘எம்எம்’ என்று இருக்கிறதா, ‘00’ என்று இருக்கிறதா என்று படிக்கச் சொன்னேன். ‘எம்எம்’ இருந்தால் அந்தத் தடம் மியூட் ஆகியிருக்கிறது என்று பொருள். எல்லாம் ‘00’ என்றார். ஒலியளவும் போதுமான அளவில் இருந்தது. பாடலை ஓடவிட்டுப் பார்த்தபோது, செயலியில் ஒலிமட்டத்தைக் காட்டும் கோடு துள்ளிக்கொண்டிருந்தது என்று அவரே சொன்னார். ஒலி உண்டாகிறது, அடக்கப்படவில்லை, அட்டையும் வேலை செய்கிறது, ஆயினும் கேட்கவில்லை. எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு ஒலியையும் சுமப்பது. புதிய திரையில் ஒலிபெருக்கி இல்லை, காதில் மாட்டும் கருவிக்கான துளை மட்டுமே உண்டு. கணினி ஒலி முழுவதையும் அந்தத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியீட்டுப் பட்டியலில் கணினியின் சொந்த ஒலி அட்டையைத் தேர்ந்தவுடன் பாடல் கேட்டது.

நடந்ததை விளக்கியபோது சித்தப்பா சொன்னார்: “அப்போ தண்ணி நிக்கலடா தம்பி, அடுத்த வயலுக்குல்ல பாஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. மடையை மாத்தி விட்டா சரியாப் போச்சு.”

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

மியூட் செய்யும்போது ஒலியளவு மாறுவதில்லை, பாடலும் நிற்பதில்லை. விட்டவுடன் பழைய அளவிலேயே கேட்கும். மூச்சை அடக்குகிறவரிடம் மூச்சு இல்லாமல் போய்விடுவதில்லை. அதனால் ‘ஒலியடக்கு’ என்பது இந்தச் செயலுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ‘ஊமையாக்கு’ என்று ஒருவர் பரிந்துரைத்ததை நான் ஏற்கவில்லை. மனிதரின் இயலாமையைச் சுட்டி அவர்களைப் புண்படுத்திவந்த சொல்லைப் பொதுவழக்கிலிருந்து விலக்கப் பலர் பாடுபட்டிருக்கும்போது, அதை நாம் ஒரு பொத்தானில் ஏற்றித் திரும்பக் கொண்டுவரலாகாது. விடுவிப்பதற்கு, ‘மூச்சுவிடு’ என்பதைப் போல ‘ஒலிவிடு’ எனலாம்.

டிசேபிள் என்பதற்கு ‘முடக்கு’ என்பதே நிற்கட்டும். வங்கிக் கணக்கை முடக்கினால் அதில் எதுவும் செய்ய முடியாது. கருவியை முடக்கினாலும் அப்படித்தான்.

இந்த இரு வினைகளையும் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. என்னைப் பொறுத்தவரை அதுவே முதன்மையானது. தமிழில் அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு, மாறு–மாற்று என்று தன்வினையும் பிறவினையும் இணைகளாக நிற்கின்றன. பொத்தானில் இருப்பது கட்டளை. ஆகவே ‘ஒலியடக்கு’ என்று பிறவினை வரவேண்டும். நிலையைத் தெரிவிக்கும் செய்தியில் ‘ஒலி அடங்கியுள்ளது’ என்று தன்வினை வரவேண்டும். இப்போது நம் கோப்புகளில் நிலைச்செய்திகள் எல்லாம் ‘அடக்கப்பட்டுள்ளது’, ‘முடக்கப்பட்டுள்ளது’ என்று செயப்பாட்டு வினையில் இருக்கின்றன. அதைப் படித்த என் சித்தப்பா, “நான் எதையும் தொடவில்லையே, யார் முடக்கினார்கள்?” என்று பதறினார். லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான ஆல்சாவில் புதிதாக நிறுவிய ஒலி அட்டையின் தடங்கள் தொடக்கத்தில் அடங்கியே இருப்பது நெடுநாள் வழக்கம். அங்கே அடக்கியவர் என்று எவரும் இல்லை. தன்வினை அந்த உண்மையைச் சரியாகச் சொல்லும்.

மூன்றாவதுதான் நமக்குச் சொல்லில்லாத நிலை. செயலிகளின் ஒலியைக் கருவிகளுக்கு அனுப்பும் பல்ஸ்ஆடியோ என்னும் லினக்ஸ் மென்பொருளில், ஒலி சென்று சேரும் இடத்துக்கு ‘சிங்க்’ என்று பெயர். லினக்ஸ் வகைகளான ஃபெடோராவில் 34ஆம் பதிப்பு முதலாக 2021இலும், உபுண்டுவில் 22.10 பதிப்பு முதலாக 2022இலும் பைப்வயர் என்னும் மென்பொருள் அதன் இடத்துக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் தொடர்கிறது. இதற்கு ‘மூழ்கி’ என்றும் ‘தொட்டி’ என்றும் பரிந்துரைகள் வந்தன. இரண்டும் ஆங்கிலச் சொல்லின் வேறு பொருள்களைப் பெயர்த்தவை. ‘ஒலி வெளியீடு’ என்றாலோ, இசைத்தட்டு வெளியீட்டு விழா நினைவுக்கு வருகிறது. மென்பொருளின் புதிய பதிப்பையும் நாம் வெளியீடு என்றே சொல்கிறோம். ஒரே நீரை எந்த வயலுக்கு விடுவது என்று திறந்தும் அடைத்தும் தீர்மானிக்கும் இடம் மடை. ஒரே ஒலியை எந்தக் கருவிக்கு விடுவது என்பதும் அதே செயல். ஆகவே சிங்க் என்பதற்கு ‘ஒலிமடை’, அதை மாற்றும் செயலுக்கு ‘மடைமாற்று’, ஒலி வேறிடம் செல்லும் நிலைக்கு ‘மடை மாறியுள்ளது’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி.

நகரத்துப் பிள்ளைகளுக்கு மடை தெரியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். வயலில் இறங்கிப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்படும் ஆண்டுகளில், நீர் எப்போது கடைமடையைச் சேரும் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. ‘நிதியை மடைமாற்றிவிட்டார்கள்’ என்று அரசியல் மேடையிலும் கேட்கிறோம். பொருள் வழக்கொழியவில்லை.

ஈழத்து நண்பர் ஒருவர், தமக்கு மடை என்றால் தெய்வத்துக்குப் படைக்கும் மடையே முதலில் நினைவுக்கு வரும் என்கிறார். கோயில்களின் மடைப்பள்ளியிலும் அந்தப் பொருளே உள்ளது. தனியே ‘மடை’ என்று எழுதினால் அவருக்குத் தடுமாற்றம் வரலாம். அதனால் பெயராக வரும் இடமெல்லாம் ‘ஒலிமடை’ என்று முழுச்சொல்லாகவே எழுதுவோம். அவர் கணனி என்றும் நாம் கணினி என்றும் எழுதிக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஒரே கோப்பில் வேலை செய்துவருவதால், இதையும் கடந்துவிடலாம் என்று நம்புகிறேன்.

‘ஒலிவிடு’ பற்றிய மறுப்பு சரியானது. ‘ஒலியைக் கைவிடு’ என்று எதிர்ப்பொருளில் படிக்க இடம் தருகிறது. அதைத் திரும்பப் பெறுகிறேன். ‘அடக்கம் நீக்கு’ என்பதே இருக்கட்டும்.

2020இல் ஊரடங்கு என்றும் பொதுமுடக்கம் என்றும் ஒரே நிலையை இரண்டு சொற்களால் குறித்தோமே, அடங்குதலும் முடங்குதலும் மக்களுக்கு ஒன்றுதானே என்ற கேள்வி என் வாதத்தின் வலுவற்ற இடத்தைத் தொடுகிறது. பொதுவழக்கில் அவை நெருங்கிய சொற்களே. ஆனால் ஒரே செயலியில், அடுத்தடுத்த பக்கங்களில், ஒன்று ஒலிக்கும் மற்றது கருவிக்கும் மாறாமல் வந்தால், பயன்படுத்துகிறவர் வேறுபாட்டை அங்கேயே கற்றுக்கொள்வார். அதற்காகத்தான் ‘ஒலியடக்கு’, ‘கருவியை முடக்கு’ என்று எதைச் செய்கிறோம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறேன்.

இயல்பிருப்புக் கருவியைத் ‘தலைமடை’ எனலாம் என்ற பரிந்துரை அழகானது. ஆனால் நான் உடன்படவில்லை. தலைமடை என்பது வாய்க்காலில் முதலில் நீர் பாயும் இடம். கணினி தானாகத் தேர்ந்துகொள்ளும் கருவி என்ற பொருள் அதில் இல்லை.

ஆல்சாமிக்சரில் உள்ள ‘ஆட்டோ மியூட் மோடு’ என்னும் ஒரு தொடர் மட்டும் எஞ்சுகிறது. காதுக்கருவியின் பின்னைச் செருகியவுடன் ஒலிபெருக்கி தானாக ஓய்வதை அது குறிக்கிறது. கேட்பவருக்கு இது மடை மாறியது போலத் தோன்றும். உள்ளே நடப்பதோ, ஒலிபெருக்கியின் தடம் அடங்குவதுதான். காதுக்கருவி பழுதாகி, அதன் ‘பின்’ மட்டும் துளையில் தங்கிவிட்டால் இரண்டிலும் சத்தம் இல்லாமல் போவது அதனால்தான். எனவே ‘தானடங்கு முறை’ என்று எழுதியிருக்கிறேன். திருத்திய கோப்பை இத்துடன் இணைத்துள்ளேன். இந்தத் தொடருக்கு மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன் பிறகு பதிவேற்றிவிடுகிறேன்.