செட்டிநாட்டு வீட்டு வெளிச்சுவரும் முட்டை வெள்ளைக்கருவும்

வளவுக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் அருளியது: செட்டிநாட்டு வீட்டின் வெளிச்சுவர் உதிர்ந்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சான காரையை முழுக்கக் கொத்திவிட்டு சிமென்ட் பூச வேண்டுமாம், மேலே முட்டை வெள்ளைக்கருவைத் தேய்த்தால் பழைய பளபளப்பு வந்துவிடுமாம். சிமென்ட் மேல் முட்டையா? ஆம்லெட்டா போடுகிறீர்கள்?

சைட் இன்ஜினியர்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். முட்டைப் பூச்சு என்று ஊருக்கெல்லாம் பெருமை பேசுவது நீங்கள்தானே? நான் முட்டை என்றால் மட்டும் தப்பா?

வளவுக்காரன்:
முட்டை எங்கே போகும் என்பதுதான் கேள்வி. அடியில் சுண்ணாம்பும் மணலும் கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பல பூச்சு. கடைசி மெல்லிய பூச்சில்தான் நைசாக அரைத்த சுண்ணாம்போடு வெள்ளைக்கரு. அதைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து மெதுவாக இறுகும், செங்கலில் ஏறும் ஈரத்தையும் வெளியே விடும். சிமென்ட் அந்த ஈரத்தை அடைத்துவிடும். அப்புறம் உப்புப் பூத்துச் செங்கலே பொரிந்து கொட்டும். அதற்கு மேல் என்ன முட்டை?

சைட் இன்ஜினியர்:
பாடம் முடிந்ததா? ஒரு சுவருக்கு எத்தனை முட்டை? அதைச் சொல்லுங்கள் முதலில்.

புதுவை வாசி:
சுண்ணாம்புக் கட்டடம் என்றால் சாகாவரமா? எங்கள் ஊர் பழைய மேரி கட்டடம், அதுதான் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததே!

வளவுக்காரன்:
பல வருடம் பராமரிக்காமல் போட்டால் எதுதான் நிற்கும்? சுண்ணாம்பின் மேல் பழி போடாதீர்கள். போன மாதம் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பற்றிப் பேசியபோதும் நடுவில் புகுந்து புதுச்சேரியைத்தான் இழுத்தீர்கள். மறக்கவில்லை.

புதுவை வாசி:
அந்தக் கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னது யார்? நானா?

வளவுக்காரன்:
நான் சொல்லவே இல்லை. படிக்கத் தெரிந்தால் படியுங்கள்.

காரைக்குடி ஆச்சி:
தம்பிகளா, சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு அரைக்கத் தெரிந்த கொத்தனார் கையில் இருக்கிறாரா? அதை யாரும் கேட்கவில்லையே.

சைட் இன்ஜினியர்:
ஆச்சி, அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆள் கிடைக்காது, கூலி கட்டாது. செட்டிநாட்டிலேயே கடைசிக் காலத்தில் ஆர்ட் டெகோ என்ற மேல்நாட்டுப் பாணியில் கட்டினார்களே, அவர்கள் எல்லாம் முட்டை உடைத்துக்கொண்டா இருந்தார்கள்?

வளவுக்காரன்:
ஆச்சி சொன்னதற்கும் நீங்கள் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் தேடுங்கள், அதுவரை உதிர்ந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பால் ஒட்டுப் போடுங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் காரையை எதற்குக் கொத்த வேண்டும்? சுவரைத் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வரும் இடம்தான் விட்டுப்போனது. கடைசியில் வெள்ளையடிப்பும் சுண்ணாம்புதான். எமல்ஷன் பெயின்ட் அடித்தால் அதுவும் ஈரத்தை அடைக்கும்.

சைட் இன்ஜினியர்:
இன்னும் முட்டைக் கணக்கு வரவில்லை.

வளவுக்காரன்:
கணக்குச் சொன்னால் அதையும் சிமென்டில்தான் கலப்பீர்கள்.

புதுவை வாசி:
அந்த ஆசிட் விஷயத்துக்குப் பதில் வரட்டும் முதலில். பழைய பதிவின் படம் என்னிடம் இருக்கிறது.

வளவுக்காரன்:
போடுங்கள் பார்ப்போம். தேதியை வெட்டாமல் போடுங்கள்.