நீர்க்கட்டி இல்லாத ஏரி: எந்தக் கோட்பாடு பொருந்தும்?

வணக்கம். முதுகலை ஆய்வுக்கு எங்கள் ஊர் ஏரியை எடுத்திருக்கிறேன். அப்பா சிறுவனாக இருந்தபோது நீர்க்கட்டி (ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் ஊர்ப் பணியாளர்) மண்வெட்டியோடு வாய்க்கால் வாய்க்காலாகப் போய் மடை திருப்பிவிடுவாராம். அறுவடை முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளப்பார்கள். இன்று அவரும் இல்லை, வரப்போரம் மோட்டார்தான் ஓடுகிறது.

இதை எப்படி விளக்குவது? பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விட்டால் புல்வெளியே அழியும் என்று 1968-இல் எழுதினார் சூழலியலாளர் காரெட் ஹார்டின். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் காட்டியது வேறு. எல்லை, பங்கு, கண்காணிப்பு, படிப்படியான தண்டனை, இவற்றையெல்லாம் பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோரே வகுத்துக்கொண்ட இடங்களில் அது நூற்றாண்டுகள் நின்றிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்து மலைமேய்ச்சல் நிலம் அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று.

எனக்கு ஆஸ்ட்ரம் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் நீர்க்கட்டி வேலை சாதியோடு பிணைந்திருந்ததே, அதை அவருடைய சட்டகத்தில் எங்கே வைப்பது? சமூகவியல், மானுடவியல் படித்தவர்கள் வழிகாட்டுங்கள்.

அப்புறம், உங்கள் ஊரில் நீர்க்கட்டி இன்னும் இருக்கிறாரா? கூலி நெல்லா, பணமா? அவரை யார் நியமிக்கிறார்கள்? இரண்டு வரி எழுதினாலும் பெரிய உதவி.