ஃபயர்பாக்ஸில் மட்டும் எங்கள் தளம் ஊர்கிறது, உதவி தேவை

வணக்கம். கோத்தகிரியில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறோம். அறை பதிவுக்கு நாங்களே வைத்திருக்கும் தளம், இரண்டு வாரமாக வீட்டு மடிக்கணினியில் ஃபயர்பாக்ஸில் மட்டும் திறக்க அரை நிமிடம் எடுக்கிறது. குரோமில் 3 நொடி. மற்ற தளங்கள் எல்லாம் இரண்டிலும் சரியாகவே வருகின்றன.

விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், வீட்டு ஃபைபர் இணைப்பு. ரவுட்டரை மாற்றிய பிறகுதான் இது ஆரம்பம்.

கேஷ், குக்கீ அழித்தாயிற்று. ஆட்-ஆன் எதுவும் இல்லாமல் டிரபிள்ஷூட் மோடில் பார்த்தேன், அப்புறம் புது புரொஃபைல், ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் நிறுத்தம். ஒன்றும் மாறவில்லை. ஆனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் அதே ஃபயர்பாக்ஸ் சட்டென்று திறக்கிறது!

டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால், முதல் கோரிக்கை 'கனெக்டிங்' நிலையிலேயே 21 நொடி நிற்கிறது. அதைத் தாண்டினால் படங்கள்கூட மளமளவென்று வந்துவிடுகின்றன. எங்கள் சர்வருக்கு ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) முகவரியும் உண்டு, எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான். மே மாத சீசன் நெருங்குகிறது, முன்பதிவுகளை இந்த மடிக்கணினியில்தான் பார்க்கிறோம்.

கோளாறு ஐபிவி6-இல்தானா என்று உறுதி செய்ய, ஃபயர்பாக்ஸில் எந்த அமைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும்?