பூங்காவில் மெட்டல் டிடெக்டர்: ஓயாத சத்தம்

கேள்வி: லண்டனில் ஒரு கவுன்சில் பூங்காவில் தேட எழுத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. தோண்டினால் குளிர்பானக் கேனைத் திறக்கும் வளையமும் ஆணியும்தான். டிஸ்கிரிமினேஷனை (சில உலோகங்களுக்குச் சத்தம் வராமல் தடுக்கும் அமைப்பு) ஏற்றலாமா?

பதில் 1: வேண்டாங்க. கேன் வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும்; அதை மறைத்தால் மோதிரமும் போச்சு. இரும்பின் சத்தத்தை மட்டும் மறைங்க. ஓயாமல் கத்தினால் சென்சிட்டிவிட்டியை (உணர்திறன்) ஒவ்வொரு படியாகக் குறைங்க; பக்கத்தில் மின்கம்பி இருந்தாலும் கத்தும். குப்பை மண்டிய இடத்துக்கு 6 அங்குலக் காயில் (டிடெக்டரின் அடியில் உள்ள வட்டத் தட்டு) போதும், பக்கத்துப் பக்கத்துப் பொருளைப் பிரித்துச் சொல்லும். இடமும் வலமுமாக வீசும்போது, வீச்சின் முடிவில் காயிலைத் தூக்காதீங்க.

பதில் 2: தோண்டுவதுதான் முக்கியம். புல்லை மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கம் வேரோடு விட்டுக் கதவுபோலத் திறங்க. மண்ணைத் துணியில் கொட்டுங்க. மூடும்போது ஒரு பிடி குறைந்தாலும் பள்ளம் விழும். வெயிலில் காய்ந்த புல்லைத் தொடவே வேண்டாம், பிழைக்காது.

பதில் 3: 300 வருஷம் தாண்டிய மோதிரத்தில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருந்தால், 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனருக்கு (சந்தேக மரணங்களையும் புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்கணும். தேய்த்துக் கழுவாதீங்க.