சிறை நாடகத்துக்கு ஒரு வெறும் நெற்களஞ்சியம் தேவை

வணக்கம் உறவுகளே,

ஆண்கள் சிறையொன்றின் உத்தியோகத்தர்களைப் பற்றிய தொலைக்காட்சி நாடகத்துக்கு, கிளிநொச்சி அல்லது மாங்குளம் பக்கம் வெறும் களஞ்சியம் கிடைக்குமா? 60 அடி நீளம் வேணும். நடுவில் 8 அடி நடைபாதை விட்டு இருபக்கமும் அறைகள் வரும். பாதை ஒடுங்கினால் ஒரு அறையின் கம்பிகளுக்குள்ளால் எதிர் அறையைப் படம்பிடிக்க முடியாது.

காலபோக நெல் வெளியேறி, சிறுபோகம் வெட்டமுதல், மே தொடக்கம் யூலை வரை போதும். மாரியில் சரிவராது, தகரத்தில் மழை விழுந்தால் வசனம் பதியாது. சோளகக் காற்றும் சும்மா விடாது. ஆணி கழன்ற தகரக் கூரை தயவுசெய்து வேண்டாம்! உள்ளே எதிரொலியை அடக்க வெறும் சாக்குகள், பழைய போர்வைகளும் தேவை.

கம்பிகளுக்கு முக்கால் அங்குல பிவிசி குழாய், 4 அங்குல இடைவெளி. வெறுங்குழாய் நடிகர் பிடித்து உலுக்க வளையும், அதனால் உள்ளே மரத்தடி செருகி மினுங்காத கறுப்புப் பெயின்ற் அடிக்கிறோம். ஆனால் ஒரு கதவாவது அசல் இரும்பாக வேணும். அதன் சத்தத்தைப் பதிந்து மற்றக் கதவுகளுக்கும் போடலாம். பழைய இரும்புக் கதவு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கோ.

விளக்கமறியல் கைதிகள் சொந்த உடுப்போடு இருப்பார்கள் என்பதால் பழைய சாரம், சேர்ட்டும் எடுப்போம்.

எல்லாத்திலும் முக்கியம், ஓய்வுபெற்ற சிறை உத்தியோகத்தர் ஒருவர். காவலர், சார்ஜன்ட், அத்தியட்சகர் எல்லாரையும் ‘ஜெயிலர்’ என்று கூப்பிடுவதுதான் நம்மட நாடகங்களின் பெரிய பிழை. ஆள் எண்ணுவது, சாவி கையளிப்பது, பதிவேடு எழுதுவது மூன்றையும் ஒருக்காப் பார்த்துத் திருத்தித் தந்தால் காணும். உள்பெட்டியில் கதையுங்கோ.