முதல் நாளிலேயே கொட்டிவிடும் வேன்கோமைசின்: பி.சி.எல். ஸ்காஃபோல்டில் எங்கே தவறு?

கேள்வி:
எலும்பில் வைத்தால் வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மெதுவாக விடும் துளைச் சட்டம் (ஸ்காஃபோல்ட்) செய்கிறேன். பி.சி.எல். (பாலிகேப்ரோலாக்டோன்) என்ற பாலிமரை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் 10% கரைத்து, பாலிமர் எடையில் 20% நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் உள்ள கால்சியம் பாஸ்பேட் கனிமம்), துளை உண்டாக்க 300–425 மைக்ரான் அளவுக்குச் சலித்த உப்பு இரண்டும் கலந்து வார்த்தது. 48 மணி நேரம் நீர் மாற்றி மாற்றி உப்பை எடுத்தபின், மி.லி.க்கு 20 மி.கி. வேன்கோமைசின் கரைசலில் ஊறவைத்து உறைய வைத்து உலர்த்தியாயிற்று. பி.பி.எஸ்.ஸில் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) 37 டிகிரியில் வைத்தால் முதல் 24 மணி நேரத்திலேயே முக்கால்வாசி மருந்து போய்விடுகிறது. எலும்புத் தொற்றுக்கு நாலு வாரமாவது தாங்க வேண்டும். உடைத்துப் பார்த்தால் வெள்ளைக் கட்டிகள் வேறு.

பதில் 1:
ஊறவைத்தால் மருந்து துளைச் சுவரின் மேல் ஒட்டிக்கொள்ளுமே தவிர பாலிமருக்குள் போகாது. பி.சி.எல். உடலில் சிதைய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதை நம்பிப் பயனில்லை. வார்க்கும்போதே கலந்தாலும் உப்போடு சேர்ந்து நீரில் போய்விடும்.

மருந்தை 50:50 பி.எல்.ஜி.ஏ. (லாக்டிக், கிளைகாலிக் அமிலங்கள் சேர்ந்த, சிதையும் பாலிமர்) நுண்கோளங்களில் அடையுங்கள். 50 மி.கி. மருந்தை 0.3 மி.லி. நீரில் கரைத்து, 300 மி.கி. பாலிமர் கரைந்த 3 மி.லி. டைகுளோரோமீத்தேனில் ஊற்றி, பனிக்கட்டி மேல் வைத்து 30 வினாடி சோனிகேட் (மீயொலியால் கலக்குதல்) செய்யுங்கள். பிறகு 1% பி.வி.ஏ. (துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காக்கும் பாலிவினைல் ஆல்கஹால்) நீர்க் கரைசல் 30 மி.லி.யில் சேர்த்து நாலு மணி நேரம் கலக்குங்கள். அந்த வெளி நீரில் 5% உப்பு இருக்கட்டும். இல்லையென்றால் மருந்து வெளியே கசிந்து, கோளத்துக்குள் தங்கும் அளவு குறையும். மூன்று முறை கழுவுங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று: கோளங்களை பி.சி.எல். கரைசலில் போட்டால் அதே கரைப்பானில் அவையும் கரைந்துவிடும். உப்பு எடுத்து முடித்த ஸ்காஃபோல்டில்தான் ஏற்ற வேண்டும். 2% ஜெலட்டினை 50 டிகிரியில் கரைத்து, 35க்கு ஆறியபின் கோளங்களும், ஜெலட்டினைப் பிணைக்க 0.3% ஜெனிப்பினும் கலந்து, வெற்றிடத்தில் உள்ளே இழுக்க வையுங்கள். வெற்றிடம் இல்லாவிட்டால் துளைக்குள் இருக்கும் காற்று வழிவிடாது. ஓரிரவு ஈரப்பதத்தில் மூடி வைத்தால் நீலம் பாரிக்கும், அதுவே பிணைந்ததற்கு அடையாளம். பிணைக்க குளூட்டரால்டிஹைடு வேண்டாம், வேன்கோமைசினின் அமீன் தொகுதியையும் பிடித்துக்கொள்ளும்.

பதில் 2:
வெள்ளைக் கட்டி ஹைட்ராக்ஸிஅபடைட் திரண்டதுதான். தூளை 120 டிகிரியில் உலர்த்தி, பாலிமர் போடும் முன்பே கரைப்பானில் அரை மணி சோனிகேட் செய்யுங்கள். கெட்டியான கரைசலில் பிறகு எவ்வளவு கலக்கினாலும் பிரியாது.

பதில் 3:
அளவிடும் முறையையும் பாருங்கள். 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலை மட்டும் நம்பினால், 37 டிகிரியில் நாளடைவில் சிதைந்த வேன்கோமைசினும் மருந்தாகவே கணக்கில் வரும். ஜெனிப்பின் நீலமும் குறுக்கிடும். சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. செய்யுங்கள். ஒவ்வொரு வாரத்து மாதிரியையும் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா வளரும் தட்டில் வைத்து, கிருமி வளராத தடுப்பு வட்டம் வருகிறதா என்றும் பாருங்கள்.

தொடக்க வெளியீட்டை முழுதாக ஒழிக்க வேண்டாம். பாக்டீரியா படலம் கட்டும் முன் முதல் நாளில் கொஞ்சம் அதிகம் இருப்பதே நல்லது. மி.லி.க்கு 1,000 மைக்ரோகிராம் வரை எலும்புச் செல்கள் பெரும்பாலும் தாங்கும், 10,000 கொன்றுவிடும்.

கேட்டவர்:
நன்றி. கிருமிநீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) ஆகுமா?

பதில் 3:
ஆகாது. பி.சி.எல். 60 டிகிரியில் உருகிவிடும். 25 கிலோகிரே காமா கதிர் பி.எல்.ஜி.ஏ. சங்கிலியை அறுத்து வெளியீட்டை வேகப்படுத்தும். பி.சி.எல். சட்டத்தை மட்டும் எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமிநீக்கம் செய்து நன்றாகக் காற்றோட்டம் விடுங்கள், மருந்து, பி.வி.ஏ., ஜெலட்டின் கரைசல்களை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, கோளம் செய்வதிலிருந்து ஏற்றுவது வரை லேமினார் ஹூட்டுக்குள்ளேயே (வடிகட்டிய காற்று வீசும் மேடை) முடியுங்கள்.