புதுப்பிப்பு: குன்னூர் வீட்டுக் கூடம்

குன்னூரில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் கூடம் 10-க்கு 12 அடிதான், இருட்டு, சுவரில் ஈரம், எப்படி அழகுபடுத்துவது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். முதலில் பிளாஸ்டிக் பெயிண்டைச் சுரண்டுங்கள் என்றீர்கள்.

சுரண்டினோம். நான்கு நாள் வேலை. கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவரிலிருந்து ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் அடைத்து வைத்திருந்தது. சன்னலுக்குக் கீழே படலம் உரிந்தபோது பின்னால் கருகருவென்று பூஞ்சை. விரல் பட்டதும் பூச்சு மாவாக உதிர்ந்தது. அங்கே சுண்ணாம்புக் காரை பூசி, நன்றாகக் காயவிட்டு, சுவர் முழுவதும் மூன்று முறை வெள்ளையடித்தோம். அடித்தவுடன் மங்கலாகத்தான் இருந்தது, மனம் சோர்ந்துவிட்டது. மறுநாள் காலை காய்ந்து வெளுத்ததும் கூடமே அகன்றுவிட்டது!

பெரிய சோபாவைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் பாட்டியின் தேக்கு பெஞ்சு, மேலே சிவப்புக் கோடு போட்ட பவானி ஜமக்காளம். கோரைப் பாய் அழகுதான், ஆனால் இந்த ஊர் ஈரத்தில் பூத்துப்போகும். வேண்டாம் என்று விட்டேன்.

சன்னலுக்கு எதிரே கண்ணாடி மாட்டச் சொன்னவருக்குத் தனி நன்றி. தேயிலைச் சரிவின் பச்சை இப்போது வீட்டுக்குள் வருகிறது. ஐப்பசி மழைக்குமுன் உடைந்த இரண்டு ஓடுகளை மாற்ற வேண்டும், திரைச்சீலை அதன்பிறகுதான்.